சிவந்ததெல்லாம் மாணிக்கமா?

பொன் வாங்கப் போனால் நாம் கெட்டிக்காரர்கள். மாற்று என்ன, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிறோம். முத்திரை இருக்கிறதா என்று மோதிரத்தைத் திருப்பிப் பார்க்கிறோம்.

அதே மோதிரத்தில் பதித்திருக்கும் கல்லைப் பற்றி என்ன கேட்கிறோம்? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. சிவப்பாக இருந்தால் மாணிக்கம். தண்ணீர் போலத் தெளிவாக இருந்தால் ஸ்படிகம். நம்முடைய ரத்தின சாஸ்திரம் அவ்வளவோடு முடிந்து விடுகிறது.

இந்த அறியாமைக்கு நாம் கொடுக்கும் விலை கொஞ்சமல்ல. ஜாதகம் பார்த்தவர் சொன்னார் என்பதற்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து மாணிக்க மோதிரம் செய்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு. சுவாமி தரிசனத்துக்கு வந்த இடத்தில் ஆசையோடு ஸ்படிக மாலை வாங்கிப் போகிறவர்களும் உண்டு. வாங்கியது என்ன என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நிறத்தைப் பார்த்துக் கல்லை நம்பக் கூடாது. கல்லின் கனத்தையும், கடினத்தையும், அதற்குள் ஒளி நடந்துகொள்ளும் விதத்தையும்தான் நம்ப வேண்டும். அவற்றைச் சோதித்து எழுதிக் கொடுக்கும் பொறுப்பு விற்பவருக்கு வர வேண்டும். இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

தில்லையில் இரண்டு கற்கள்

மாணிக்கம், ஸ்படிகம் ஆகிய இரண்டையும் பற்றிப் பேசச் சிதம்பரத்தை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. நடராஜர் ஆலயத்தில் இரண்டும் வழிபாட்டில் இருக்கின்றன. சந்திரமௌலீசுவரர் என்று போற்றப்படும் ஸ்படிக லிங்கத்துக்கு நாள்தோறும் ஆறு கால அபிஷேகம் நடக்கிறது. ரத்தினசபாபதி என்னும் மாணிக்க நடராஜருக்கும் தினந்தோறும் அபிஷேகம் உண்டு.

ரத்தினசபாபதிக்குத் தீபாராதனை நடக்கும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். தீபத்தை முன்னே காட்டுவார்கள். பிறகு திருமேனியின் பின்னே கொண்டு போவார்கள். பின்னேயிருந்து வரும் ஒளி உள்ளே புகுந்து சிவந்து வெளிவரும். கூட்டம் கைகூப்பி நிற்கும்.

வழிபாட்டுப் பொருளைக் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது பக்தியின் எல்லை. ஆனால் கோயில் வாசலைத் தாண்டிக் கடைக்கு வந்து பணத்தை எடுத்துவிட்டால் அது வியாபாரம். வியாபாரத்தில் கேள்வி கேட்பது பாவமாகாது. தீபத்தைப் பின்னால் காட்டும் அந்த முறையிலேயே ஒரு பாடமும் இருக்கிறது. கல்லின் மேல் விழும் ஒளியை மட்டும் பார்த்தால் போதாது. கல்லுக்குள் புகுந்து வரும் ஒளியையும் பார்க்க வேண்டும்.

பெயரிலேயே தமிழ்

மாணிக்கம் எந்தத் தாதுவைச் சேர்ந்தது? ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்கிறார்கள். இந்தப் பெயர் நம்மிடமிருந்து போனது. 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்தான் ஐரோப்பியர் வாயில் கொரண்டம் ஆயிற்று. குருந்தக் கல்லைப் பொடி செய்து அரக்கில் குழைத்துச் சாணைக் கல் செய்தவர்கள் நம் நாட்டுத் தொழிலாளிகள். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியில் இன்றும் குருந்தம் பாறையோடு கிடக்கிறது.

குருந்தம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. அதில் சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கம் ஆகிறது. இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம் ஆகிறது. ஆக, மாணிக்கமும் நீலமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

ஸ்படிகம் வேறு குலம். அது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த குவார்ட்ஸ். ஆற்று மணலில் பெரும்பகுதி இதுதான். இதையே பளிங்கு, படிகம் என்று நம் முன்னோர் சொன்னார்கள்.

கடலூருக்கும் இந்தக் குலத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. நெய்வேலி நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் மணற்கல்லுக்குப் புவியியல் அறிஞர்கள் 'கடலூர் மணற்கல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள் கிடப்பது இந்த மணற்கல்லில்தான். மரத்தின் சதை போன இடத்தில் சிலிக்கா குடியேறிக் கல்லாக்கி விட்டது. தஞ்சைக்கு அருகே உள்ள வல்லம் மேட்டு நிலமும் இதே மணற்கல்தான். அங்கே பொறுக்கிய படிகக் கூழாங்கற்களைத் தேய்த்து அந்தக் காலத்தில் மூக்குக் கண்ணாடி செய்தார்கள். 'வல்லத்துக் கல்' என்றால் அன்று பெரிய மதிப்பு. கண்ணுக்குக் குளிர்ச்சி, கீறல் விழாது என்று பெரியவர்கள் சொன்னதில் விஞ்ஞானமும் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கனமும் கடினமும்

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் கடினம். ஜெர்மானிய அறிஞர் பிரெடரிக் மோஸ் 1812-ல் ஓர் ஏணி போட்டார். எது எதைக் கீறும் என்பதே கணக்கு. பத்தாம் படியில் வைரம். ஒன்பதாம் படியில் குருந்தம். ஏழாம் படியில் ஸ்படிகம். இந்தப் படிகள் ஒரே உயரமானவை அல்ல. ஏழுக்கும் ஒன்பதுக்கும் இரண்டு படிதான் என்றாலும், தேய்ப்பை எதிர்த்து நிற்கும் பலத்தில் மாணிக்கம் ஸ்படிகத்தைப் போல் ஏறக்குறைய நாலு மடங்கு.

சாதாரணக் கண்ணாடி ஐந்தரை, ஆறு படியில் நின்று விடுகிறது. நம் வீட்டுத் தூசியில் கலந்திருப்பது மணல் துகள். அதாவது ஏழாம் படிக்காரர். ஆகவே தூசி படப் படக் கண்ணாடி மணி மங்கும். ஸ்படிகம் மங்காது. வல்லத்துக் கல் மூக்குக் கண்ணாடியில் கீறல் விழாத ரகசியம் இதுதான்.

இரண்டாவது கனம். ஒரே அளவு தண்ணீரைப் போல் மாணிக்கம் 4 மடங்கு கனம். ஸ்படிகம் 2.65 மடங்கு. இதை அறிய ஆர்க்கிமிடீஸ் வழி காட்டி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கல்லை நூலில் கட்டி முதலில் காற்றிலும், பிறகு தண்ணீருக்குள் தொங்கவிட்டும் நிறுக்க வேண்டும். 4 கிராம் மாணிக்கம் தண்ணீருக்குள் 3 கிராம் காட்டும். 4 கிராம் ஸ்படிகமோ சுமார் இரண்டரை கிராம்தான் காட்டும். நகைக் கடைத் தராசு ஒன்று போதும், வேறு கருவி வேண்டாம். கல் மோதிரத்தில் ஏறுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

ஒளி சொல்லும் சாட்சி

மூன்றாவது ஒளி. கல்லுக்குள் புகும் ஒளி வேகம் குறைந்து வளைகிறது. எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது ஒளி விலகல் எண். மாணிக்கத்துக்கு இது 1.76 முதல் 1.77 வரை. ஸ்படிகத்துக்கு 1.54 முதல் 1.55 வரை. எளிமையாகச் சொன்னால், காற்றில் 176 அடி போகும் நேரத்தில் ஒளி மாணிக்கத்துக்குள் 100 அடிதான் போகும். ஸ்படிகத்துக்குள் சுமார் 114 அடி போகும். இந்த எண் அதிகமாக இருப்பதால்தான் பட்டை தீட்டிய மாணிக்கம் அவ்வளவு ஜொலிக்கிறது.

இரண்டு கற்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. உள்ளே புகும் ஒளியை இரண்டும் இரண்டு கதிராகப் பிரிக்கின்றன. கண்ணாடி அப்படிப் பிரிப்பதில்லை. ஸ்படிக உருண்டை பெரிதாக இருந்தால், அதன் அடியில் ஒரு தலைமுடியை வைத்து உருண்டையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். சில பக்கங்களில் முடி இரண்டாகத் தெரியும். கண்ணாடி உருண்டையில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான்.

மாணிக்கத்துக்குத் தனியாக இரண்டு வித்தைகள் உண்டு. தக்க கருவி வழியாகப் பார்த்தால் ஒரே கல் ஒரு திசையில் ஊதா கலந்த சிவப்பாகவும் மறு திசையில் ஆரஞ்சு கலந்த சிவப்பாகவும் தெரியும். மற்றொன்று, கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை அடித்தால் பல மாணிக்கங்கள் கனல் போலச் சிவந்து ஒளிரும். அதிலுள்ள குரோமியத்தின் வேலை இது. இந்தக் குணத்தை வைத்துத்தான் அமெரிக்காவில் தியோடர் மைமன் 1960 மே 16-ந் தேதி உலகத்தின் முதல் லேசர் கதிரை மாணிக்கத்திலிருந்து வரவழைத்தார்.

ஸ்படிகத்துக்கும் சொந்தமாக ஒரு வித்தை உண்டு. அழுத்தினால் மின்சாரம் காட்டும். மின்சாரம் கொடுத்தால் அதிரும். சுவர்க் கடிகாரத்திலும் கைக்கடிகாரத்திலும் 'குவார்ட்ஸ்' என்று போட்டிருப்பது இந்தக் கல்லைத்தான். அதற்குள் சிறு குவார்ட்ஸ் துண்டு ஒன்று வினாடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரம் காட்டுகிறது. அதற்கு முந்திய, சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜனதா கடிகாரத்தின் '17 ஜுவல்' என்ற பெருமை மாணிக்கத்தைச் சேர்ந்தது. சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல வைத்த செயற்கை மாணிக்கக் கற்கள் அவை. ஆக, மாணிக்கத்தின் கடினத்தையும் ஸ்படிகத்தின் அதிர்வையும் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நடந்தவர்கள்தான் நாம் எல்லோரும்!

ராஜாக்களும் ஏமாந்தார்கள்

நிறத்தை நம்பி ஏமாந்தவர்கள் நம் ஊர் ஜனங்கள் மட்டும் அல்ல. இங்கிலாந்து மன்னரின் மகுடத்தில் நடுநாயகமாக ஒரு பெரிய சிவப்புக் கல் இருக்கிறது. 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று பெயர். அது மாணிக்கமே அல்ல. ஸ்பைனல் என்னும் வேறு கல். கடினம் எட்டு, கனம் 3.6 மடங்கு. ஒளியை இரண்டாகப் பிரிப்பதும் இல்லை. ஊதா விளக்கில் இதுவும் சிவந்து ஒளிரும். ஆகவே ஒரே ஒரு சோதனையைச் செய்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. இரண்டு மூன்று சாட்சிகள் ஒத்துப் போக வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் 1902-ல் வந்தது. பிரெஞ்சு விஞ்ஞானி ஆகஸ்ட் வெர்னயில், அலுமினா பொடியை நெருப்புச் சுடரில் உருக்கி மாணிக்கம் செய்து காட்டினார். இது கண்ணாடி அல்ல. அதே குருந்தம், அதே குரோமியம். கடினம், கனம், ஒளி விலகல் எல்லாம் அச்சாக ஒன்று. நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பேதம் தெரியும். பூமியில் விளைந்த கல்லில் நேர்க் கோடுகளும் ஊசி போன்ற தாதுக்களும் தெரியலாம். சுடரில் விளைந்ததில் இசைத்தட்டின் வரிகளைப் போல வளைந்த கோடுகளும் காற்றுக் குமிழிகளும் இருக்கும். விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இன்னொன்றும் உண்டு. வெடிப்பு மிகுந்த மட்டமான குருந்தத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றி, வெடிப்பை மறைத்து விற்கிறார்கள். பார்க்கக் கண்ணைப் பறிக்கும். பத்தர் பட்டறையில் நெருப்புப் பட்டாலும், சுத்தம் செய்கிறோம் என்று எலுமிச்சம் சாற்றில் போட்டாலும் போச்சு! உள்ளிருக்கும் கண்ணாடி அரித்துக்கொண்டு வெடிப்பெல்லாம் வெளியே தெரியும். வாங்கியவர் தன் ராசியை நொந்துகொள்வார்; கல்லைச் சந்தேகிக்க மாட்டார்.

மாலை வாங்குகிறீர்களா?

ஸ்படிக மாலைக்கு வருவோம். இங்கே போட்டி கண்ணாடியோடு. கனத்தில் சாதாரணக் கண்ணாடியும் ஸ்படிகமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் தராசு இங்கே அதிகம் உதவாது. வேறு வழிகள் இருக்கின்றன.

மணியைக் கன்னத்தில் வையுங்கள். ஸ்படிகம் சில்லென்று இருக்கும். உடம்பின் சூட்டைக் கண்ணாடியை விடப் பல மடங்கு வேகமாக அது கடத்தி விடுவதே காரணம். 'கண்ணுக்குக் குளிர்ச்சி' என்று வல்லத்துக் கல்லைப் பற்றிச் சொன்னதும் இதனால்தான். அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பாருங்கள். உருண்டையான காற்றுக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. மேகம் போலவோ நூல் போலவோ சிறு குறைகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இயற்கைக் கல்லில் அது சகஜம். கொஞ்சமும் குறையில்லாமல் நூற்றெட்டு மணியும் ஒன்று போல மலிவு விலைக்குக் கிடைத்தால்தான் யோசிக்க வேண்டும்.

தண்ணீரில் போட்டால் நிஜ ஸ்படிகம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து விடும் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். தண்ணீரின் ஒளி விலகல் எண் 1.33. ஸ்படிகமும் மறையாது, கண்ணாடியும் மறையாது.

கண்ணாடி மணியை இழிவு சொல்வது நம் நோக்கமல்ல. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கண்ணாடியிலும் படிகத்திலும் மணி செய்து கடல் கடந்து அனுப்பிய தமிழ் மண் இது. கடலூர் மாவட்டத்திலேயே மணிக்கொல்லை என்று ஓர் ஊர் இருக்கிறது. தமிழக அரசு 2025-ல் அறிவித்த அகழாய்வு இடங்களில் அதுவும் ஒன்று. கண்ணாடியைக் கண்ணாடி என்று சொல்லி, கண்ணாடி விலைக்கு விற்றால் அதற்கும் மரியாதை உண்டு. பெயரை மாற்றி விற்பதுதான் குற்றம்.

என்ன செய்ய வேண்டும்?

"மனத் திருப்திக்குப் போட்டுக்கொள்வது, இதில் என்ன ஆராய்ச்சி?" என்று சிலர் கேட்கலாம். மனத் திருப்தி உங்களுடையது. பணமும் உங்களுடையதுதானே? மாணிக்கத்தின் விலையைக் கொடுத்தவருக்கு மாணிக்கம் கிடைக்க வேண்டும் என்பது நம்பிக்கையைப் பற்றிய கேள்வி அல்ல. நியாயத்தைப் பற்றிய கேள்வி.

வியாபாரிகள் எல்லோரையும் குறை சொல்லவும் முடியாது. மொத்த வியாபாரி கொடுத்ததை நம்பி வாங்கி விற்கும் சிறு கடைக்காரருக்கே உண்மை தெரியாமல் இருக்கலாம். சோதனை முறை வந்தால் அவருக்கும் அது பாதுகாப்புதான்.

பொன்னுக்கு வழி பிறந்துவிட்டது. 2021 ஜூன் 16 முதல் முதல் கட்டமாக 256 மாவட்டங்களில் ஹால்மார்க் முத்திரை கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் முதல் நகையில் ஆறு இலக்க அடையாள எண்ணும் இருக்க வேண்டும் என்றார்கள். கல்லுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பொன்னின் மாற்றைச் சட்டம் கேட்கிறது. கல்லின் பெயரைக் கேட்பதில்லை. இந்த ஓட்டையை அடைக்க வேண்டும்.

விற்பனைப் பில்லில் நாலு விவரங்களைக் கட்டாயமாக்கினால் போதும். கல்லின் தாதுப் பெயர் என்ன? எடை என்ன? பூமியில் விளைந்ததா, ஆலையில் விளைந்ததா? சூடு போட்டதா, கண்ணாடி நிரப்பியதா? சோதனைச் சான்று கொடுத்தால் அதில் ஒளி விலகல் எண்ணும் ஒப்படர்த்தியும் இருக்க வேண்டும். 'அசல் ராசிக்கல்' என்று மட்டும் அச்சடித்த பளபளப்பு அட்டை சான்று ஆகாது.

இரண்டாவது, சோதனைக்கு ஏழை எளியவர் எங்கே போவது? சென்னைக்கும் ஜெய்ப்பூருக்கும் கல்லை அனுப்ப எல்லோராலும் முடியுமா? 1929-ல் பிறந்த அண்ணாமலைப் பல்கலைக் கழகம் சிதம்பரத்திலேயே இருக்கிறது. கல்லையும் மண்ணையும் ஆராயும் புவி அறிவியல் துறை அங்கே இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், குறைந்த கட்டணத்தில், பொது மக்களின் கற்களைச் சோதித்துச் சொல்ல ஒரு மேஜை போட்டால் என்ன? மாணவர்களுக்குப் பயிற்சி, ஜனங்களுக்குத் தெளிவு. ஒளி விலகல் மானியும் ஒரு நல்ல தராசும் நுண்ணோக்கியும் இருந்தால் முக்கால் பங்கு சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது, வாங்குகிறவர் செய்ய வேண்டியது. பில் கேளுங்கள். 'மாணிக்கம்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் கல்லைக் கீழே வைத்துவிட்டு வெளியே வாருங்கள். எழுதித் தந்த பிறகு கல் வேறு என்று தெரிந்தால், கடலூரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் கையில் பில் இருக்க வேண்டும்!

கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்று தமிழர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கோவலனைக் கொல்லும் முன் அந்தச் சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் ஓர் உயிர் போயிருக்காது. ஓர் ஊர் எரிந்திருக்காது. பார்த்தார்கள், ஆனால் பிந்திப் பார்த்தார்கள்.

நாம் முந்திப் பார்ப்போம். பணத்தைக் கொடுத்த பிறகு அல்ல, கொடுப்பதற்கு முன்.